குறை இரந்தோரும் தளை அறுத்தோரும்

ஆளும் பேரரசின் மீது குறை கூறாத குடியேற்ற நாடு உலகில் இருந்ததில்லை. வரி மிகுதி என்றும், வாணிக உரிமை இல்லை என்றும், கடல் கடந்து வரும் அதிகாரிகள் தம்மை மதிப்பதில்லை என்றும் மக்கள் முறையிட்ட வண்ணமே இருந்தனர். அம்முறையீடுகளுள் பெரும்பாலானவை தாளில் பிறந்து தாளிலேயே மடிந்தன. மிகச் சிலவே புரட்சியாக மூண்டு பேரரசுகளைப் பெயர்த்தெறிந்தன. எந்தக் குறை மனுவோடு முடிகிறது, எந்தக் குறை புரட்சியாக வளர்கிறது என்பதை ஆராய்வது வரலாறு பயிலும் இளைஞர்க்கு இன்றியமையாதது. கல்வியின் வழியே தலைநிமிர முனைந்த ஒரு சமுதாயத்தின் வெள்ளி விழா மலரில் இவ்வாராய்ச்சி இடம்பெறுதல் பொருத்தமே ஆகும்.

இப்பொருளைப் பேசுவோர் அமெரிக்கப் புரட்சியையே எடுத்துக்காட்டுவது வழக்கம். 1765-ஆம் ஆண்டின் முத்திரைத்தாள் வரி, 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை, 1776 ஜூலை 4-ஆம் நாள் விடுதலைப் பிரகடனம் ஆகியவற்றை நம் பாடநூல்களில் பயின்றிருக்கிறோம். மனிதர் யாவரும் சமம் என்று அப்பிரகடனம் முழங்கிற்று. அந்நாளில் அங்கு வாழ்ந்த சுமார் 25 இலட்சம் மக்களுள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் அடிமைகள். பிரகடனத்தை வரைந்த ஜெபர்சனே அடிமைகளை உடையவர். இங்கிலாந்து மன்னரின் நுகத்தடி அகன்ற பின்னரும் அவ்வடிமைகளின் கழுத்து நுகம் அகலவில்லை. நாடு முழுவதும் அடிமை முறை ஒழிய 1865 வரை, ஒரு பெரும் உள்நாட்டுப் போர் முடியும் வரை, காத்திருக்க நேர்ந்தது. மேலிருப்போரின் குறை தீர்ந்தால் கீழிருப்போரின் குறையும் தானே தீர்ந்துவிடும் என்பாருக்கு இவ்வரலாறே தக்க விடை.

ஆயின், அடித்தளத்தில் கிடந்தோரே எழுந்து நடத்தி வெற்றியும் கண்ட ஒரு புரட்சி அதே நூற்றாண்டில் நிகழ்ந்தது. அது நம் பாடநூல்களில் சிறிதளவே இடம்பெற்றது. ஹைத்தி நாட்டின் புரட்சியே அது.

கரும்பும் கண்ணீரும்

கரீபியக் கடலில் உள்ள ஒரு பெருந்தீவில் 1492-ஆம் ஆண்டு கொலம்பஸ் வந்திறங்கினார். அங்கு வாழ்ந்த தைனோ மக்கள் ஸ்பானியரின் கொடுமையாலும் அவர்கள் கொணர்ந்த நோய்களாலும் சில பத்தாண்டுகளுக்குள் பெரும்பாலும் அழிந்துபட்டனர். 1697-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி தீவின் மேற்குப் பகுதி பிரான்சுக்கு உரியதாயிற்று. பிரெஞ்சுக்காரர் அதனைச் சான் தொமிங் என அழைத்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உலகிலேயே பெருஞ்செல்வம் ஈட்டித் தந்த குடியேற்ற நாடு அதுவே. ஐரோப்பியர் பருகிய காப்பியில் பாதிக்கு மேலும், அவர்கள் உண்ட சர்க்கரையில் மிகப் பெரும் பங்கும் அங்கிருந்தே சென்றன. பிரான்சின் போர்தோ, நாந்து ஆகிய துறைமுக நகரங்கள் அவ்வாணிகத்தாலேயே மாளிகைகள் எழுப்பின. இச்செல்வத்தைத் தம் உழைப்பால் விளைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்ட மக்கள். 1780-களின் இறுதியில் ஆண்டுதோறும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அத்தீவில் விற்கப்பட்டனர். பிறப்பினும் இறப்பு மிகுதியாக இருந்தமையால், மாண்டவர்க்கு ஈடாகப் புதியவர்களை வாங்கிக் கொண்டே இருந்தனர். நம் சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணியும் ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை வாங்கக் கொடுத்த பண்டங்களுள் ஒன்றாக இருந்தது என்பதை ஈண்டு நினைவில் கொள்க. நெய்தவர் அதனை அறியார். அத்துணிக்கு ஈடாக விலைபோனவரும் நெய்தவரை அறியார்.

மூன்று படிகள்

1789-இல் அந்நாட்டில் வெள்ளையர் சுமார் 30,000 பேர். கலப்பினத்தவரும் விடுதலை பெற்ற கறுப்பருமாகச் சுமார் 28,000 பேர். அடிமைகளோ ஏறத்தாழ 5 இலட்சம் பேர். இம்மூன்று படியினர்க்கும் குறைகள் இருந்தன. ஆனால், அக்குறைகள் ஒரே தன்மையன அல்ல.

மேற்படியில் இருந்த தோட்ட முதலாளிகளின் குறை வாணிகக் குறை. தம் விளைபொருளைப் பிரெஞ்சு வணிகர்க்கே விற்க வேண்டும், தமக்கு வேண்டியவற்றைப் பிரெஞ்சு வணிகரிடமே வாங்க வேண்டும் என்று பாரிஸ் வகுத்த சட்டத்தை அவர்கள் வெறுத்தனர். பாய்மரக் கப்பலில் ஒரு மாதத்திற்கு மேல் பயணம் செய்து வரும் ஆணைக்குத் தாம் ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்றும் வினவினர். அவர்தம் மற்றொரு குறை நம்மைத் திடுக்கிடச் செய்வது. 1784-இல் மன்னரின் அரசு, தோட்ட மேலாளர்கள் அடிமைகளைத் தண்டிப்பதற்குச் சில வரம்புகள் விதித்தது. கொடுமை நேரின் முறையிடவும் அடிமைகளுக்கு வழிவகுத்தது. தம் உடைமையைத் தாம் விரும்பியவாறு நடத்தும் உரிமையில் அரசு தலையிடுகிறது என்று முதலாளிகள் கொதித்தெழுந்தனர். ஆக, அவர்கள் கேட்ட சுதந்திரத்தில் சவுக்கை வீசும் சுதந்திரமும் அடங்கியிருந்தது.

நடுப்படியில் இருந்தோரின் குறை மதிப்புப் பற்றியது. அவர்களுட் பலர் நிலமும் கல்வியும் உடையோர். விடுதலை பெற்றவர்க்கு ஏனைய குடிமக்களுக்குரிய உரிமைகள் யாவும் உண்டு என 1685-ஆம் ஆண்டின் அடிமைச் சட்டமே கூறியிருந்தது. நடைமுறையிலோ, அவர்கள் உயர உயரப் புதிய தடைகள் எழுந்தன. பல தொழில்களும் பதவிகளும் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. வெள்ளையரின் குடும்பப் பெயரைத் தாங்கலாகாது என 1773-இல் ஆணை பிறந்தது. வெள்ளையரைப் போல் உடுத்தலாகாது என 1779-இல் மற்றோர் ஆணை பிறந்தது. இன்ன பெயர் வைக்காதே, இவ்வாறு உடுத்தாதே என்று பிறர் கட்டளையிடுவதன் பொருளை இம்மலரைப் படிப்போர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஆயினும், இந்நடுப்படியினருள் பலர் தாமே அடிமைகளை வைத்திருந்தனர் என்ற உண்மையையும் மறைத்தலாகாது.

அடிப்படியில் இருந்தோர்க்குக் குறை என்ற சொல்லே பொருந்தாது. அச்சட்டம் அவர்களை அசையும் சொத்து என வகுத்தது. ஒரு திங்கள் ஓடி ஒளிந்தவனின் காதுகளை அறுத்துத் தோளில் சூடு போடலாம்; இரண்டாம் முறை ஓடினால் கால் நரம்பை அறுக்கலாம்; மூன்றாம் முறை உயிரைப் பறிக்கலாம். இவை கொடியவன் ஒருவன் தன் சினத்தில் செய்தவை அல்ல. நாட்டின் சட்டம் எழுத்தில் வகுத்தவை. உழைப்பின் கொடுமையோ அளவிறந்தது. அறுவடைக் காலத்தில் கரும்பாலையும் கொப்பரையும் இரவிலும் ஓய்ந்ததில்லை. உருளையில் கை சிக்கியவரின் கையை வெட்டி எடுப்பதற்கென்றே ஆலையின் அருகில் கத்தி வைத்திருந்த தோட்டங்களும் உண்டு.

பதினால்வர் முறையீடு

அடிமைகள் முறையிட்டுப் பார்க்காமல் ஆயுதம் ஏந்தியவர்கள் அல்லர். 1788-இல் லெஜோன் என்னும் காப்பித் தோட்ட முதலாளி தன் அடிமைகள் சிலர் நஞ்சிடுவதாக ஐயுற்றுச் சிலரைக் கொன்றான். இரு பெண்களின் கால்களைத் தீயால் சுட்டுச் சிறையிட்டான். அத்தோட்டத்தின் அடிமைகள் பதினால்வர், புதிய சட்டத்தை நம்பி நகர் சென்று நீதிமன்றத்தில் முறையிட்டனர். விசாரணைக்குச் சென்ற அதிகாரிகள், விலங்கோடும் அழுகிய புண்களோடும் கிடந்த அப்பெண்களைத் தம் கண்ணாலேயே கண்டனர். பெண்கள் இருவரும் இறந்தனர். வெள்ளை முதலாளிகளோ ஒன்று திரண்டு லெஜோனுக்காக வாதாடினர். அடிமையின் சொல்லுக்காக ஒரு முதலாளி தண்டிக்கப்பட்டால் தோட்டங்களில் அச்சம் அகன்றுவிடும் என்பதே அவர்களின் வாதம். நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது.

சட்டம் ஒரு கதவைத் திறந்து காட்டியது. அதன் வழியே நுழைய முயன்றவரின் முகத்தில் அது அறைந்து சாத்தப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் அத்தீவின் வடசமவெளி பற்றி எரிந்தது. புரட்சிக்குக் காரணம் வெறியர் சிலரின் தூண்டுதல் என்று எழுதிய வரலாற்றாசிரியர்கள் இப்பதினால்வரின் முறையீட்டை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

பாரிஸில் எழுந்த ஒலி

1789-இல் பிரான்சில் புரட்சி வெடித்தது. ஆகஸ்டு 26-ஆம் நாள் மனித உரிமைப் பிரகடனம் ஏற்கப்பட்டது. தீவின் மூன்று படியினரும் அச்செய்தியைத் தத்தம் நோக்கில் கேட்டனர்.

தோட்ட முதலாளிகள் தேசிய மன்றத்தில் மிகுதியான இடங்களைக் கோரினர். தம் நாட்டின் மக்கள் தொகை மிகப் பெரிது எனக் காட்ட அடிமைகளையும் கணக்கில் சேர்த்தனர். அடிமைகள் மனிதர் எனின் அவர்களுக்கு வாக்குரிமை வழங்குக. உடைமை எனின், பிரான்சின் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லையே என்னும் கருத்துப்பட மிராபோ அவர்களை மடக்கினார். ஆறு இடங்களே கிடைத்தன. 1790-இல் அவர்கள் தீவில் தாமே ஒரு மன்றம் கூட்டி, உள்நாட்டு நிர்வாகம் முழுவதும் தமக்கே உரியது எனச் சட்டம் இயற்றினர். ஆளுநர் படை கொண்டு அம்மன்றத்தைக் கலைத்தார். உறுப்பினருள் 85 பேர் நியாயம் கேட்கப் பிரான்சுக்குக் கப்பலேறினர். தோட்ட முதலாளிகளின் புரட்சி அத்துடன் தேய்ந்தது. ஐந்து இலட்சம் அடிமைகளை அடக்கிவைக்கப் பேரரசின் படை வேண்டும். அப்படையை வேண்டுவோர் அப்பேரரசை உதறித் தள்ளுவது எங்ஙனம்?

நடுப்படியினர் சார்பில் ஜூலியன் ரேமோனும் வின்சென்ட் ஓஜேயும் பாரிஸில் வாதாடினர். 1790 மார்ச்சில் பிறந்த ஆணை, சொத்துடைய குடிமக்களுக்கு வாக்குரிமை என்றது. நிறத்தினர் அதில் அடங்குவரா என்பதை வேண்டுமென்றே தெளிவாக்காமல் விட்டது. அவ்வுரிமையை நிலைநாட்ட ஓஜே அக்டோபரில் தீவு திரும்பிச் சில நூறு பேருடன் கிளர்ந்தெழுந்தார். அடிமைகளையும் சேர்த்துக்கொள்ளுமாறு அவருடைய தோழர் ஷவான் வற்புறுத்தியதாகக் கூறுவர். ஓஜே இசையவில்லை. அடிமைகளின் நிலைமையைத் தாம் மாற்ற முற்படவில்லை என்றே அதிகாரிகளுக்கும் எழுதினார். அக்கிளர்ச்சி விரைவில் நசுக்கப்பட்டது. ஸ்பானியப் பகுதிக்குத் தப்பியோடியவர்கள் பிடித்துத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1791 பிப்ரவரியில் நகரின் நடுவே ஓஜேயும் ஷவானும் உருளையில் கட்டப்பட்டு எலும்பு நொறுக்கிக் கொல்லப்பட்டனர்.

கல்வியும் செல்வமும் பெற்ற ஒருவர், மேலிருப்போர் தம்மை ஏற்பர் என நம்பிக் கீழிருப்போரின் கையை விலக்கினார். மேலிருப்போர் அவரை ஏற்கவும் இல்லை. அவர் வீழ்ந்தபோது தாங்கிக்கொள்ளக் கீழே எவரும் இல்லை. நம் இளைஞர்கள் நெஞ்சில் எழுதி வைக்க வேண்டிய பகுதி இது.

1791 ஆகஸ்டு

அடிமைகள் அந்த இரண்டு ஆண்டுகளும் வாளா இருந்தாரல்லர். விருந்து மேசையருகே நின்று பரிமாறியவர்கள் முதலாளிகளின் சொற்போரைக் கேட்டனர். வண்டியோட்டிகள் தோட்டந்தோறும் செய்தி கொண்டு சென்றனர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் அச்செய்திகள் கைமாறின. கங்காணிகளாக இருந்தவர்கள் நூற்றுக்கணக்கானவரை ஒரு சொல்லில் திரட்டும் ஆற்றல் பெற்றிருந்தனர். மன்னர் வாரத்தில் மூன்று நாள் ஓய்வு அளித்துவிட்டார், முதலாளிகள் அதனை மறைக்கின்றனர் என்றொரு வதந்தியும் பரவிற்று. வதந்தி பொய்யாயினும், அதனை நம்பச் செய்த பட்டறிவு மெய்யானது.

1791 ஆகஸ்டு 14, ஒரு ஞாயிற்றுக்கிழமை. வடசமவெளியின் பல தோட்டங்களிலிருந்து வந்த பேராளர்கள் ஒரு தோட்டத்தில் கூடி எழுச்சிக்கு நாள் குறித்தனர். அதே நாட்களில் புவா கைமன் என்னும் காட்டிலும் கூடித் தம் தெய்வங்களின் முன் உறுதி பூண்டனர் என்பது அந்நாட்டு மக்கள் போற்றி வரும் செய்தி. 22-ஆம் நாள் இரவு எழுச்சி தொடங்கியது. பூக்மான் என்பவர் முதல் தலைவர். கரும்பு வயல்களும் ஆலைகளும் தீக்கிரையாயின. சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் சாம்பலாயின. இருதரப்பிலும் கொடுமைகள் நிகழ்ந்தன. நவம்பரில் பூக்மான் போரில் மாண்டார். அவருடைய தலையை வெட்டி நகரில் காட்சிக்கு வைத்தனர். எழுச்சி அடங்கவில்லை.

வியப்பு யாதெனில், இந்நிலையிலும் எழுச்சித் தலைவர்கள் சமரசத்திற்கு முன்வந்தனர். ஜான் பிரான்சுவா, பியாசூ என்னும் இரு தலைவர்களும், தலைவர்கள் சிலநூறு பேருக்கு விடுதலையும் ஏனையோர்க்குச் சிறிது நல்ல நடத்தையும் அளித்தால் போதும், மக்களைத் தோட்டங்களுக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்றனர். விடுதலை பெற வேண்டியோரின் எண்ணிக்கையையும் பின்னர்க் குறைத்துக் கொண்டனர். முதலாளிகளின் மன்றம் அவ்வேண்டுகோளை இகழ்ந்து ஒதுக்கியது. அடிமைகளோடு பேசுவதே தமக்கு இழுக்கு என அது கருதிற்று. சமரசம் பேசச் சென்றவர்களுள் ஒருவர் துசேன். தம் தலைமையினர் கேட்ட சிறு சலுகையும் மறுக்கப்பட்ட அந்நாளுக்குப் பின்னர், அனைவருக்கும் விடுதலை என்பதைத் தவிர வேறு வழி எஞ்சவில்லை.

ஆணை பிறந்த கதை

1792 ஏப்ரல் 4-இல் பாரிஸ் அரசு நடுப்படியினர்க்கு முழு உரிமை வழங்கிற்று. எழுச்சியை அடக்க அவர்களின் துணை தேவைப்பட்டதே அதற்குக் காரணம். 1793-இல் பிரான்சுக்கு இங்கிலாந்துடனும் ஸ்பெயினுடனும் போர் மூண்டது. தீவுக்கு அனுப்பப்பட்ட ஆணையர் சோந்தோனா, வெள்ளை முதலாளிகளின் எதிர்ப்புக்கும் அயல்நாட்டுப் படையெடுப்புக்கும் இடையே சிக்கினார். பிரான்சைக் காக்க வல்லவர்கள் அடிமைகளே எனக் கண்டு, 1793 ஆகஸ்டு 29-ஆம் நாள் வடபகுதியில் அடிமை முறை ஒழிந்தது என அறிவித்தார். தீவின் பேராளராகப் பாரிஸ் சென்ற மூவருள் ஒருவரான பெலே, ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டவர். அம்மூவரின் உரை கேட்ட தேசியப் பேரவை, 1794 பிப்ரவரி 4-ஆம் நாள் பிரெஞ்சு நாடுகள் அனைத்திலும் அடிமை முறையை ஒழித்தது.

பாரிஸின் பெருந்தன்மை அடிமைகளை விடுவித்தது என்று சிலர் எழுதுவர். நாட்களை வரிசைப்படுத்திப் பார்ப்போர்க்கு உண்மை விளங்கும். மனித உரிமைப் பிரகடனம் 1789-இல் வந்தது. அடிமை ஒழிப்பு 1794-இல் வந்தது. இடையில் இருப்பது 1791-ஆம் ஆண்டின் ஆகஸ்டு மாதம்.

துசேன் லூவெர்த்தூர்

அடிமையாகப் பிறந்து, முப்பது வயதளவில் விடுதலை பெற்றவர் துசேன். தோட்டத்தில் குதிரைகளையும் கால்நடைகளையும் பேணியவர். எழுதப் படிக்கக் கற்றவர். மூலிகை மருத்துவம் அறிந்தவர். முதலில் ஸ்பானியர் பக்கம் நின்று போரிட்ட அவர், 1794-இல் பிரெஞ்சுக் குடியரசின் பக்கம் சேர்ந்தார். கலைந்து கிடந்த கூட்டங்களைக் கட்டுப்பாடு மிக்க படையாக ஆக்கினார். தீவைக் கைப்பற்ற வந்த ஆங்கிலேயர் 1798-இல் பெருஞ்சேதத்துடன் வெளியேறினர். 1801-இல் அவர் இயற்றிய அரசியல் சட்டம், இந்நாட்டில் அடிமைகள் இருத்தல் இயலாது என விதித்தது. வாழ்நாள் ஆளுநர் என்னும் பதவியையும் அவருக்கே வழங்கியது.

அவர்பால் குறையும் உண்டு. நாட்டின் பொருளாதாரம் கரும்பிலும் காப்பியிலும் நின்றமையால், விடுதலை பெற்ற உழவர்கள் தோட்டங்களை விட்டு நீங்கலாகாது என அவர் கட்டாயப்படுத்தினார். தமக்கெனச் சிறு நிலம் வேண்டும் என்பதே அம்மக்களின் வேட்கை. 1801-இல் உழவர் சிலர் கிளர்ந்தபோது, அதற்குத் துணைநின்றார் எனக் கருதித் தம் உறவினரும் தளபதியுமான மோயிசையே துசேன் சுட்டுக் கொல்லச் செய்தார். அடுத்த ஆண்டு பேரரசு படையெடுத்து வந்தபோது, அவர் அழைப்புக்கு மக்கள் முன்போல் ஒருமுகமாக எழவில்லை. தலைவன் எத்துணைப் பெரியவனாயினும், மக்களின் குறையைக் கேளாத நாளில் அவன் வலிமை குன்றுகிறது.

இறுதிப் போர்

1802-இன் தொடக்கத்தில் நெப்போலியன் தம் மைத்துனர் லெக்லேர் தலைமையில் பெரும்படையை அனுப்பினார். மே மாதத்தில் உடன்பாடு செய்துகொண்ட துசேன், ஜூன் மாதத்தில் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டுப் பிரான்சுக்குக் கொண்டு செல்லப்பட்டார். பனி சூழ்ந்த மலைக்கோட்டை ஒன்றில் 1803 ஏப்ரல் 7-ஆம் நாள் உயிர் நீத்தார். தலைவனை அகற்றினால் மக்கள் அடங்குவர் என்று பேரரசு எண்ணிற்று. ஆனால், குவாதலூப் என்னும் அண்டைத் தீவில் அடிமை முறை மீண்டும் நிறுவப்படுகிறது என்ற செய்தி எட்டியதும், பெயர் அறியப்படாத உழவர்கள் மலைகளிலிருந்து எழுந்தனர். தளபதிகள் அதன் பின்னரே அவர்களோடு சேர்ந்தனர்.

இம்முறை ஓஜேயின் பிழை மீண்டும் நிகழவில்லை. கலப்பினத்தவரின் தலைவரான பெத்தியோன், கறுப்பர்களின் தலைவரான தெசலீனின் தலைமையை ஏற்றார். நடுப்படியும் அடிப்படியும் ஒன்றாயின. மஞ்சள் காய்ச்சலும் போரும் பிரெஞ்சுப் படையைக் கரைத்தன. லெக்லேரும் 1802 நவம்பரில் காய்ச்சலால் மாண்டார். 1803 நவம்பர் 18-ஆம் நாள் வெர்த்தியேர் களத்தில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1804 ஜனவரி 1-ஆம் நாள் விடுதலை அறிவிக்கப்பட்டது. அழிந்துபோன தைனோ மக்கள் அத்தீவுக்கு இட்டிருந்த ஹைத்தி என்னும் பெயரையே புதிய நாடு சூட்டிக் கொண்டது. மலைநாடு என்பது அதன் பொருள்.

அவ்வாண்டிலேயே, எஞ்சியிருந்த பிரெஞ்சுக்காரருள் பெரும்பாலோரைத் தெசலீன் ஆணையால் கொன்றனர். அச்செயலை நாம் போற்ற இயலாது. எனினும், அதனை மட்டுமே பெரிதாக எழுதி, அதற்கு முந்தைய நூறாண்டுக் கொலைகளை வாணிகம் என எழுதுவோரின் நடுநிலைமையையும் நாம் ஏற்பதற்கில்லை.

விடுதலையின் விலை

வென்றவர்களை உலகம் வாழ்த்தி வரவேற்கவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1862 வரை ஹைத்தியை அங்கீகரிக்க மறுத்தது. 1825-இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, நிலத்தையும் அடிமைகளையும் இழந்த முதலாளிகளுக்கு ஈடாக 15 கோடி பிராங்கு தந்தால்தான் அந்நாட்டை அங்கீகரிப்பேன் என்றார். விலங்கை அறுத்தவர்களே விலங்கின் விலையையும் செலுத்த வேண்டும் என்பது அதன் பொருள். 1838-இல் மொத்தத் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதனைக் கட்டக் கடன் வாங்கி, கடனுக்கு வட்டி கட்டி, அச்சுமை முழுவதும் தீர 1947 ஆயிற்று. பள்ளிக்கும் சாலைக்கும் மருத்துவமனைக்கும் ஆகவேண்டிய பொருள் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்தது. ஹைத்தியின் இன்றைய வறுமையைக் கண்டு ஏளனம் செய்வோர் இக்கணக்கையும் படிக்க வேண்டும். அத்தண்டத்தின் விளைவுகளை ஆராய இருநாட்டு வரலாற்றறிஞர் குழு அமைக்கப்படும் எனப் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் அறிவித்தது 2025-இல்தான்.

இத்தனை வறுமையிலும் அந்நாடு பிறர்க்கு உதவிற்று. 1816-இல் தென் அமெரிக்க விடுதலை வீரர் பொலிவார் அடைக்கலம் தேடி வந்தபோது, பெத்தியோன் ஆயுதங்களும் ஆட்களும் தந்தார். அதற்கு அவர் கேட்ட கைம்மாறு, விடுவிக்கும் நாடுகளில் அடிமைகளையும் விடுவிக்க வேண்டும் என்பதே.

நாம் அறிய வேண்டுவது

அடிமை ஒழிப்பு வரலாறும் நம் விடுதலை வரலாறும் தொடர்பற்றவை அல்ல. மகாத்மா ஜோதிராவ் புலே 1873-இல் வெளியிட்ட குலாம்கிரி என்னும் நூலை, நீக்ரோ அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-இல் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலைமைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலும் நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் எழுப்பிய வினாவும் இவ்வரலாற்றின் வினாவே: பேரரசு விலகும் நாளில் அதிகாரம் யார் கைக்கு மாறும்? அடியில் கிடப்பவனுக்கு அதில் பங்கு உண்டா?

சான் தொமிங் வரலாறு அதற்கு ஒரு விடை தருகிறது. முதலாளிகளின் குறை பேரரசுடன் பேரம் பேசுவதோடு நின்றது. ஏனெனில் அவர்களுக்கு இழக்கப் பெருஞ்செல்வம் இருந்தது. நடுப்படியினரின் குறை தமக்கு மட்டும் இடம் கேட்டு நின்ற வரையில் தனித்து மடிந்தது. அடிமைகளின் குறையோ, அவ்வமைப்பை வைத்துக்கொண்டு தீர்க்கக் கூடியதன்று. சிறு சலுகை கேட்டனர், மறுக்கப்பட்டது. நீதிமன்றம் சென்றனர், இகழப்பட்டனர். மனிதர் என்னும் நிலையே வேண்டும் என்று அவர்கள் எழுந்தபோது, அந்த ஒரு கோரிக்கைக்குள் ஏனைய கோரிக்கைகள் அனைத்தும் அடங்கின. அந்நாளில்தான் குறை புரட்சியாயிற்று.

இளைஞர்களே! இன்று நமக்கு வாக்குரிமை உண்டு. அண்ணல் தலைமையேற்று வரைந்த அரசியல் சட்டம் உண்டு. நீதிமன்றமும் சங்கமும் எழுத்தும் நம் கருவிகள். பதினால்வர்க்குக் கிட்டாத வழிகள் நமக்குத் திறந்துள்ளன. அவை அடைபடாமல் காப்பதும் நம் கடமை. இக்கல்விக் கழகத்தின் உதவியால் பட்டம் பெற்று அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அமர்ந்திருப்போர் நம்மில் பலர். நாமே இன்று நம் சமுதாயத்தின் நடுப்படி. ஓஜேயின் வழியும் நம் முன் உள்ளது. பெத்தியோன் தெசலீனோடு கைகோத்த வழியும் உள்ளது. இன்னும் சேற்றிலும் சூளையிலும் சாக்கடைக் குழியிலும் உழலும் நம் உடன்பிறப்புகளின் பிள்ளைகள் இக்கழகத்தின் வாயிலை அடைந்து விட்டனரா என்று நாம் ஆண்டுதோறும் கேட்க வேண்டும். அக்கேள்விக்கு ஆம் என்று சொல்லும் நாளே நம் கழகத்திற்கு மெய்யான விழா நாள்.